சுண்டுவிரல் மரத்துப்போகுதா? முழங்கை நரம்பு அழுத்தத்துக்கு டெஸ்ட்ல இருந்து ஆபரேஷன் வரைக்கும் ஒரு வழிகாட்டி

சுண்டுவிரலும் மோதிர விரல்ல பாதியும் மரத்துப்போகுது, நடு ராத்திரி எந்திரிச்சு கையை உதறிட்டுத் திரும்பப் படுக்கிறீங்க, முழங்கை எங்கயாவது லேசா இடிச்சாலே விரல் நுனி வரைக்கும் ஷாக் அடிக்குதுன்னா இதைப் படிங்க. முழங்கைக்கு உள்பக்கமா துருத்திட்டு இருக்கிற எலும்புக்குப் பின்னாடி ஒரு சின்ன குழி இருக்கும், அது வழியாத்தான் அல்நார் நரம்பு போகுது, அங்க அது நசுங்குறதைத்தான் க்யூபிடல் டனல் சிண்ட்ரோம்னு ரிப்போர்ட்ல எழுதுவாங்க. நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன், இந்தப் பிரச்சனைக்காக கழுத்து பெல்ட், வைட்டமின் ஊசி, எண்ணெய்னு மாசக்கணக்குல அலைஞ்சு கடைசில ஆபரேஷன் வரைக்கும் போய் வந்தாச்சு. எந்த டெஸ்ட் எப்ப எடுக்கணும், எந்தப் பேப்பரை பத்திரமா வெக்கணும், எவ்ளோ ஆகும், எவ்ளோ நாள் ஆகும்னு ஒரே இடத்துல யாரும் சொல்லல, அதான் எழுதுறேன்.

நான் டாக்டர் இல்ல. டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுட்டுப் போறதுக்கு மட்டும் இதை வெச்சுக்குங்க.

1. மரத்துப்போறது வேற, பலம் குறையறது வேற

இதை முதல்ல பிரிச்சுப் பாத்துடுங்க, ஏன்னா எவ்ளோ நாள் காத்திருக்கலாம், எவ்ளோ அவசரப்படணும்ங்கிறது எல்லாமே இதை வெச்சுத்தான் இருக்கு.

மரத்துப்போறது வந்து வந்து போகுது, கையை நீட்டினா சரியாகுது, பிடியில எந்தக் குறையும் இல்லைன்னா உங்ககிட்ட டைம் இருக்கு. ராத்திரி பழக்கத்தை மாத்தியே நிறைய பேருக்கு சரியாகிடுது. ஆனா சாவியைத் திருப்ப முடியல, சட்டை பட்டன் போட கஷ்டம், பாட்டில் மூடி திறக்கல, சோத்தைப் பிசைஞ்சு எடுக்கும்போது சுண்டுவிரல் சேராம தனியா நிக்குது, பாக்கெட்டுக்குள்ள கையை விட்டா அந்த விரல் மட்டும் வெளிய மாட்டிக்குதுன்னா நரம்பு தசைக்குக் குடுக்கிற சப்ளையே குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். அப்ப "ஆறு மாசம் பாப்போம்"னு இருக்கக் கூடாது, ரெண்டு மூணு வாரத்துக்குள்ள டெஸ்ட் எடுத்து டாக்டரைப் பாத்திருக்கணும்.

வீட்டுலயே மூணு விஷயம் பாக்கலாம்.

ஒண்ணு, ரெண்டு கையையும் புறங்கை மேல தெரியுற மாதிரி நீட்டி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கிற சதையை ஒப்பிட்டுப் பாருங்க, ஒரு கையில மட்டும் குழி விழுந்திருந்தா தசை கரைய ஆரம்பிச்சிருச்சு.

ரெண்டாவது, ஒரு பேப்பரை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலோட பக்கவாட்டுக்கும் நடுவுல, கட்டைவிரலை நேரா வெச்சுட்டுப் பிடிங்க, வேற யாரையாவது இழுக்கச் சொல்லுங்க, பேப்பரை விடாம இருக்கிறதுக்காக கட்டைவிரல் நுனி தானா மடங்குச்சுன்னா அதுவும் பலக்குறைவுதான்.

மூணாவது, மணிக்கட்டை நேரா வெச்சுட்டு முழங்கையை முழுசா மடக்கி ஒரு நிமிஷம் வைங்க. சுண்டுவிரல் பக்கம் மதமதப்பு வந்தா சந்தேகப்படலாம். இதெல்லாம் சந்தேகத்துக்குத்தான், முடிவு பண்றதுக்கு இல்ல.

2. இது முழங்கைதானா, வேற எதாவதான்னு பிரிச்சுப் பாருங்க

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தா அது மணிக்கட்டுல வேற நரம்பு, கார்ப்பல் டனல், அதுக்கு வைத்தியம் வேற. நம்ம கேஸ்ல மோதிர விரலை நல்லா கவனிங்க, அதோட சுண்டுவிரல் பக்கம் மட்டும் மரத்து நடுவிரல் பக்கம் நல்லா இருந்தா கழுத்தை விட அல்நார் நரம்பு மேலதான் சந்தேகம் அதிகம். கழுத்துல இருந்து வர்றதுன்னா பெரும்பாலும் மோதிர விரல் முழுசாவும், முன்கை உள்பக்கமும் சேந்து மரக்கும், கழுத்தைத் திருப்பினா வலி கூடும். புறங்கையில சுண்டுவிரல் பக்கமும் மரத்தா நசுங்குற இடம் முழங்கை, மணிக்கட்டு இல்லைன்னு டாக்டருக்கு ஒரு துப்பு கிடைக்கும், அதனால எங்கெங்க மரக்குதுன்னு பேனாவால கையிலயே கோடு போட்டு ஒரு போட்டோ எடுத்துட்டுப் போங்க. வாயால சொல்றதை விட இது நூறு மடங்கு வேலை செய்யும்.

நம்ம ஊர்ல இன்னொண்ணு கட்டாயம் பாக்கணும், யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க, நான் சொல்லிடறேன். தொழுநோய் தாக்குற நரம்புகள்ல முழங்கை அல்நார் நரம்புதான் ரொம்ப முக்கியமானது. உடம்புல எங்கயாவது வெளிறிப்போன இல்லைன்னா சிவந்த தேமல், அங்க தொட்டா உணர்ச்சி இல்ல, முழங்கைக்குப் பின்னாடி நரம்பு கயிறு மாதிரி தடிச்சிருக்குன்னா தோல் டாக்டரைப் பாருங்க, வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்துலயே மருந்து இலவசம், முழுசா குணமாகும், ஆனா லேட்டானா கை பலம் திரும்பாது. இதைப் பாக்காம நேரா ஆபரேஷனுக்குப் போறது தப்பு.

சுகர் இருக்கிறவங்களுக்கு நரம்பு ஏற்கனவே பலவீனமா இருக்கும், அதனால லேசான அழுத்தத்துக்கே மரக்கும். சின்ன வயசுல முழங்கை உடைஞ்சு கை கொஞ்சம் கோணலா கூடியிருந்தா பல வருஷம் கழிச்சு கூட இது வரும், டாக்டர் கேக்கலைன்னாலும் நீங்களே சொல்லிடுங்க.

இடது கை மரக்குறதோட நெஞ்சு இறுக்கம், வேர்வை, மூச்சு வாங்குறது இருந்தாலும், வாய் கோணி பேச்சு குழறினாலும் முழங்கையாவது ஒண்ணாவது, உடனே 108.

3. ராத்திரிதான் முதல் வைத்தியம்

முழங்கையை மடக்க மடக்க அந்தக் குழி சுருங்குது, நரம்பும் இழுபடுது. ராத்திரி ஆறு மணி நேரம் கையை மடக்கி தலைக்கு அடியில வெச்சுத் தூங்கினா பகல்ல என்ன மருந்து சாப்பிட்டும் பிரயோஜனம் இல்ல.

ஸ்பிளிண்ட், அதாவது முழங்கை மடங்காம தடுக்கிற கட்டு, வாங்குறதுக்கு முன்னாடி துண்டை வெச்சுப் பாருங்க. ஒரு குளிக்கிற துண்டை நாலா மடிச்சு முழங்கை மடிப்புல, அதாவது முன்பக்கம், தடிமன் வர்ற மாதிரி சுத்தி மேல ரெண்டு இடத்துல பேண்டேஜ் போட்டுக்குங்க. கை கட்டையா நிக்கணும்னு இல்ல, 30ல இருந்து 45 டிகிரி லேசா மடங்கி இருந்தா போதும், அதுக்கு மேல மடங்காம தடுத்தா சரி. இறுக்கிக் கட்டாதீங்க, இறுக்கினா அதுவே நரம்பை அமுக்கும். மெடிக்கல்ல ரெடிமேட் ஸ்பிளிண்ட் சில நூறுல இருந்து ரெண்டாயிரம் வரைக்கும் இருக்கு, வாங்கினா உள்ளாற இருக்கிற பட்டை நரம்பு போற குழி மேல உக்காரக் கூடாது, கடையிலயே போட்டுப் பாருங்க. முதல் ஒரு வாரம் தூக்கமே வராது, அது எல்லாருக்கும் அப்படித்தான், அப்புறம் பழகிடும்.

4. பகல்ல என்ன செய்யறோம்னு பாக்காம விட்டுடறோம்

போனை காதுல வெச்சுப் பேசுறது, படுத்துட்டு மூஞ்சிக்கு நேரா போனைப் பிடிக்கிறது, தாடையில கையை ஊனிட்டு உக்கார்றது, பஸ் ஜன்னல் கம்பியில முழங்கையை வெக்கிறது, காய்கறிப் பையை முழங்கை மடிப்புல மாட்டிட்டு நடக்குறது, குழந்தையை இடுப்புல வெச்சுட்டு ஒரே கையால ரொம்ப நேரம் பிடிக்கிறதுன்னு பட்டியல் போட்டா போயிட்டே இருக்கும். எங்க கம்பெனியில செக்கிங் டேபிள்ல நிக்கிற அக்காங்க ரெண்டு முழங்கையையும் மேசை விளிம்புல ஊனிட்டு நாள் பூரா துணி பாப்பாங்க, அவங்கள்ல பாதிப் பேருக்கு சுண்டுவிரல் மரக்குது, கேட்டா "ரத்த ஓட்டம் இல்லீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. கம்ப்யூட்டர் வேலைன்னா நாற்காலி கைப்பிடியில முழங்கை ஊனுறதுதான் வில்லன். கைப்பிடி மேல ஸ்பாஞ்ச் போடுறதை விட கைப்பிடியைக் கழட்டிடறது நல்லது, நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்தினா முழங்கை 90 டிகிரிக்கு மேல மடங்காம டைப் பண்ணலாம். போனுக்கு ஹெட்செட். ஜிம் போறவங்க டிரைசெப்ஸ் மிஷினை கொஞ்ச நாளைக்கு விட்டுடுங்க.

ஸ்வீடன்ல 2009-ல வந்த ஒரு ஆய்வுல லேசான, நடுத்தர கேஸ்கள்ல இந்த மாதிரி எதைச் செய்யக் கூடாதுன்னு விளக்கிச் சொன்னதுக்கே பெரும்பாலானவங்களுக்கு குறைஞ்சிருக்கு, அதுக்கு மேல ஸ்பிளிண்டோ நரம்புப் பயிற்சியோ குடுத்தவங்களுக்கு கூடுதலா பெரிய லாபம் தெரியல. அதனால பிசியோ பேக்கேஜ் பத்தாயிரம் ரூபாய்னு யாராவது சொன்னா முதல்ல இதைச் செஞ்சு பாத்துட்டு அப்புறம் யோசிங்க. பிசியோவே வேண்டாம்னு சொல்லல, நரம்பை மெதுவா நகத்துற பயிற்சியை ஒரு தடவை சரியா கத்துக்கிட்டா வீட்டுலயே செய்யலாம், மதமதப்பு கூடினா அதோட நிறுத்திடணும்.

5. இதைச் செய்யாதீங்க

சுளுக்கு எடுக்குறேன், நரம்பைத் தட்டி விடுறேன்னு அந்தக் குழியில யாரையும் கை வெக்க விடாதீங்க. ஏற்கனவே நசுங்கின நரம்பை இன்னும் நசுக்குற வேலை அது. மசாஜ் மிஷினும் அதே கதைதான்.

மரத்த விரலுக்கு சுடுதண்ணி ஒத்தடம் குடுத்தா சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அடுப்படியில வேலை செய்றவங்க தோசைக்கல், குக்கர் மூடி பக்கம் சுண்டுவிரல் எங்க இருக்குன்னு கண்ணால பாத்துப் பழகுங்க.

வைட்டமின் பி12 குறைவா இருக்குன்னு ரத்த டெஸ்ட்ல வந்தா ஊசி போடுங்க, இல்லைன்னா முழங்கையில நசுங்குற நரம்பை அந்த ஊசி விடுவிக்காது. பிரிகாபலின் மாதிரி மாத்திரை எரிச்சலைக் குறைக்கும், தூக்கம் வரும், போட்டுட்டு வண்டி ஓட்டாதீங்க, டாக்டரைக் கேக்காம திடீர்னு நிறுத்தவும் செய்யாதீங்க. மாத்திரையால மதமதப்பு குறைஞ்சதை வெச்சு நரம்பு சரியாகிடுச்சுன்னு நினைக்கிறதுதான் இதுல பெரிய பொறி, மதமதப்பு அடங்கியிருக்கும், தசை பாட்டுக்கு கரைஞ்சுட்டு இருக்கும். வாரம் ஒரு தடவை அந்தப் பேப்பர் சோதனையை செஞ்சு பாத்துட்டே இருங்க.

6. நரம்பு டெஸ்ட்: போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்குங்க

நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட், சுருக்கமா என்சிஎஸ். கையில சின்னச் சின்ன ஷாக் குடுத்து நரம்புல சிக்னல் எவ்ளோ வேகமா போகுதுன்னு பாப்பாங்க. சுளீர்னு இருக்கும், தாங்க முடியாததுன்னு ஒண்ணும் இல்ல. தேவைப்பட்டா மெல்லிசான ஊசியை தசையில குத்தி, தசைக்கு சிக்னல் ஒழுங்கா வருதான்னு இஎம்ஜியும் பாப்பாங்க. தனியார்ல ஒன்றரையாயிரத்துல இருந்து நாலாயிரம் வரைக்கும் ஊருக்கு ஊர் மாறுது, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில ரொம்ப கம்மி, ஆனா தேதி தள்ளிக் குடுப்பாங்க.

அன்னைக்கு கையில எண்ணெய், கிரீம் எதுவும் தடவாதீங்க, மோதிரம் வளையல் கழட்டிட்டு அரைக்கை சட்டையில போங்க. பேஸ்மேக்கர் இருந்தாலோ ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லிடுங்க. ஏசி ரூம்ல கை ஜில்லுன்னு இருந்தா சிக்னல் வேகம் தானாவே குறைஞ்சு காட்டும், அதனால கையை சூடு பண்ணிட்டு உள்ள போங்க, டெக்னீஷியன்கிட்டயும் சொல்லுங்க.

சீட்டுல வெறும் "என்சிஎஸ்"னு இருந்தா பத்தாது. ரெண்டு கையும் எடுக்கணும், முழங்கைக்கு மேலயும் கீழயும் தனித்தனியா ரீடிங் வேணும், முழங்கையை மடக்கி வெச்சு எடுக்கணும். இதை டாக்டரை எழுதவே சொல்லுங்க. எனக்கு முதல் தடவை எடுத்த சென்டர்ல மணிக்கட்டு வரைக்கும் மட்டும் பாத்துட்டு நார்மல்னு ரிப்போர்ட் குடுத்துட்டாங்க, அந்த ஒரு பேப்பரை நம்பி அடுத்து போன இடத்துலயும் கழுத்துக்கே வைத்தியம் பாத்தாங்க. ரிப்போர்ட்ல முழங்கையைத் தாண்டுற இடத்துல வேகம் நொடிக்கு 50 மீட்டருக்குக் கீழ இருந்தாலோ, முன்கையில இருக்கிற வேகத்தை விட 10 மீட்டருக்கு மேல குறைஞ்சாலோ அங்க அழுத்தம் இருக்குன்னு பொதுவா எடுத்துப்பாங்க. ஆரம்பக் கட்டத்துல டெஸ்ட் நார்மலாவே வரலாம், அதனால நார்மல்னு வந்தும் தொந்தரவு தொடர்ந்தா திரும்ப எடுக்கணும்.

கூட என்னென்ன கேப்பாங்கன்னா சுகருக்கு ஹெச்பிஏ1சி, பி12, தைராய்டு, முழங்கை எக்ஸ்ரே. சில இடத்துல முழங்கைக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்து நரம்பு வீங்கியிருக்கான்னு பாப்பாங்க, அது நல்ல விஷயம். கழுத்து எம்ஆர்ஐ எல்லாருக்கும் தேவையில்ல, ஐயாயிரம் பத்தாயிரம் செலவு பண்றதுக்கு முன்னாடி "எதுக்கு சார் எடுக்கிறோம்"னு கேளுங்க. இன்னொரு விஷயம், எம்ஆர்ஐ எடுத்தா நாப்பது வயசுக்கு மேல நிறைய பேருக்கு கழுத்துல எதாவது ஒரு டிஸ்க் தேய்மானம் காட்டத்தான் செய்யும், அதைப் பிடிச்சுட்டுத் தொங்காதீங்க.

7. யாரைப் பாக்கணும்

கண்டுபிடிக்க நரம்பு டாக்டர், ஆபரேஷன்னா கை அறுவை சிகிச்சை தெரிஞ்சவர். நம்ம ஊர்ல இவங்க சில இடத்துல பிளாஸ்டிக் சர்ஜரியில இருப்பாங்க, சில இடத்துல எலும்பு டிபார்ட்மென்ட்ல இருப்பாங்க, அதனால ஓபி சீட்டு போடும்போதே "ஹேண்ட் சர்ஜரி எந்த நாள்"னு கேட்டுடுங்க, இல்லைன்னா ஒரு நாள் வீண். சென்னையில அரசு ஸ்டான்லி ஆஸ்பத்திரி கை அறுவை சிகிச்சைக்குப் பேர் போன இடம். வேலூர் சிஎம்சியில, அங்க கை ஆபரேஷன்ல பேர் வாங்கின டாக்டர் பால் பிராண்ட் பேர்லயே கைக்குன்னு தனி சென்டர் இருக்கு, கோயம்புத்தூர்ல கங்கா ஆஸ்பத்திரி. இங்கதான் போகணும்னு இல்ல, மாவட்ட மெடிக்கல் காலேஜ்லயே செய்றாங்க.

கையில ஒரு ஃபைல் வெச்சுக்குங்க. தேதி வாரியா எல்லா சீட்டும், என்சிஎஸ் ரிப்போர்ட் ஒரிஜினல், எக்ஸ்ரே, என்னென்ன மாத்திரை சாப்பிட்டீங்க, ஸ்பிளிண்ட் எப்ப இருந்து போடுறீங்கன்னு ஒரு தாள். அந்தத் தாள் பின்னாடி இன்சூரன்ஸுக்கும் உதவும்.

8. எவ்ளோ நாள் பொறுக்கலாம், ஆபரேஷன்ல என்ன செய்வாங்க

பலம் குறையாம மரத்துப்போறது மட்டும்னா ஆறு வாரத்துல இருந்து மூணு மாசம் ராத்திரி கட்டு, பகல் பழக்கம் ரெண்டையும் ஒழுங்கா செஞ்சு பாக்கச் சொல்வாங்க. அதுக்கு அப்புறமும் குறையல, இல்லைன்னா மரத்துப்போறது 24 மணி நேரமும் இருக்கு, பலம் குறையுது, தசை கரையுதுன்னா ஆபரேஷன் பேச்சு வரும். தசை ரொம்ப கரைஞ்ச பிறகு போனா மேல கெடாம தடுக்கலாம், போனது எல்லாம் திரும்ப வரும்னு யாரும் உத்தரவாதம் குடுக்க மாட்டாங்க.

ரெண்டு முறை இருக்கு. ஒண்ணு, குழி மேல இருக்கிற திசுவை வெட்டி நரம்பை இருந்த இடத்துலயே விடுவிக்கிறது. இன்னொண்ணு, நரம்பை எலும்புக்கு முன்பக்கம் மாத்தி வெக்கிறது. சாதாரண கேஸ்ல ரெண்டோட பலனும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், மாத்தி வெக்கிறதுல காயத் தொந்தரவு கொஞ்சம் அதிகம். கையை மடக்கும்போது நரம்பு எலும்பைத் தாண்டி துள்ளுது, முழங்கை கோணலா இருக்கு, ஏற்கனவே ஒரு தடவை செஞ்சு சரியாகலைன்னா மாத்தி வெக்க காரணம் இருக்கு. "எனக்கு எது சார், ஏன்?"னு கேளுங்க, காரணம் சொல்லாம பெரிய ஆபரேஷனைச் சொன்னா இன்னொரு டாக்டரைப் பாக்குறதுல தப்பே இல்ல.

ஆபரேஷன் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள, கையை மட்டும் மரக்க வெச்சோ முழு மயக்கத்துலயோ செய்வாங்க, அன்னைக்கே இல்லைன்னா மறுநாள் வீடு.

9. பணமும் பேப்பரும்

தனியார்ல எனக்குக் கிடைச்ச எஸ்டிமேட்டெல்லாம் 45 ஆயிரத்துல இருந்து ஒண்ணேகால் லட்சம் வரைக்கும் இருந்துச்சு, அதே ஆபரேஷன், அதே ஒரு நாள். மயக்க டாக்டர், தியேட்டர், மருந்து, பேண்டேஜ் சாமான், ரூம் எல்லாம் சேந்ததான்னு எழுதி வாங்குங்க, "பேக்கேஜ்"னு வாயால சொல்றதுல மருந்து பெரும்பாலும் சேராது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்: குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். ரேஷன் கார்டு, குடும்பத்துல எல்லாரோட ஆதார், வருமானச் சான்று மூணும் எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற காப்பீட்டு மையத்துல பதியணும். வருமானச் சான்று இ-சேவையில போட்டா கிடைக்க நாள் ஆகும், அதனால ஆபரேஷன் தேதிக்கு அப்புறம் ஓடாதீங்க, டெஸ்ட் எடுக்கும்போதே போட்டுடுங்க. ரேஷன் கார்டுல ஒரு பேரும் ஆதார்ல ஒரு இனிஷியலும் இருந்தா அங்கயே நின்னுடும், முன்னாடியே சரி பண்ணிடுங்க. அட்மிட் ஆகிறதுக்கு முன்னாடி அந்த ஆஸ்பத்திரியில இருக்கிற திட்ட கவுண்டர்ல போய் உங்க ஆபரேஷனுக்கு அங்க அனுமதி கிடைக்குமான்னு கேட்டுக்குங்க.

ஈஎஸ்ஐ: மாச சம்பளம் 21,000க்குள்ளன்னா பிடிச்சிருப்பாங்க. முதல்ல டிஸ்பென்சரி, அங்க இருந்து ரெஃபரல் லெட்டர், அதுக்கு அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரி. லெட்டர் இல்லாம நீங்களா தனியார்ல செஞ்சுட்டு பில்லைக் கொண்டு போய் குடுத்தா வாங்குறது ரொம்ப கஷ்டம். லீவு நாளுக்கு சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் குடுப்பாங்க, அதுக்கு ஈஎஸ்ஐ டாக்டர் குடுக்கிற சர்டிபிகேட் வேணும், முந்தின ஆறு மாச கணக்குல குறைஞ்சது 78 நாள் பிடித்தம் ஆகியிருக்கணும். பீஸ் ரேட்ல வேலை பாக்குற தையல்காரங்க இந்த 78 நாளை முன்னாடியே செக் பண்ணிக்குங்க.

தனியார் இன்சூரன்ஸ்: கம்பெனி குரூப் பாலிசின்னா பெரும்பாலும் முதல் நாள்ல இருந்தே கிடைக்கும். சொந்த பாலிசின்னா முன்னாடியே இருந்த நோய்க்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருப்பு இருக்கலாம். கேஸ் ஷீட்ல ஜூனியர் டாக்டர் அவசரத்துல "ரெண்டு வருஷமா"ன்னு எழுதிட்டா, அது நிஜமாவே ஆறு மாசம்தான்னா, அங்கயே திருத்தி வாங்குங்க. நிஜமாவே ரெண்டு வருஷம்னா மறைக்காதீங்க, மறைச்சது தெரிஞ்சா மொத்த பாலிசிக்கே ஆபத்து. டெஸ்ட் எடுக்கிறதுக்கு மட்டும் அட்மிட் ஆகி கிளெய்ம் போடலாம்னு யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க, நிராகரிச்சுடுவாங்க. கேஷ்லெஸ்ஸுக்கு (நீங்க கட்டாம இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா கட்டுறது) ஒரு மணி நேரத்துல பதில் சொல்லணும், டிஸ்சார்ஜுக்கு மூணு மணி நேரத்துல முடிக்கணும்னு 2024-லயே இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஐஆர்டிஏஐ சொல்லிடுச்சு, லேட்டானா இதைச் சொல்லிக் கேளுங்க. பணத்தைக் கட்டிட்டு திரும்ப வாங்குறதா இருந்தா டிஸ்சார்ஜ் சம்மரி, பிரிச்சுப் போட்ட ஃபைனல் பில், பணம் கட்டின ரசீது, டாக்டர் சீட்டோட மெடிக்கல் பில், என்சிஎஸ் ரிப்போர்ட், கேன்சல் பண்ணின செக், கிளெய்ம் ஃபார்ம் ரெண்டு பாகம். ரெண்டாவது பாகத்துல ஆஸ்பத்திரி சீல் வேணும், டிஸ்சார்ஜ் அன்னைக்கே போட்டு வாங்கிடுங்க, அப்புறம் போனா அலைய விடுவாங்க.

10. ஆபரேஷனுக்கு அப்புறம்

தொளதொளன்னு முன்னாடி பட்டன் வெச்ச சட்டையில போங்க, கூட ஒருத்தர் கட்டாயம் வேணும். விரல்ல மருதாணி, நெயில் பாலிஷ் வேண்டாம், ஆக்சிஜன் கிளிப் சரியா காட்டாது. முதல் ரெண்டு நாள் கையைத் தலையணை மேல உயர்த்தி வைங்க, விரலை அன்னைக்கே அசைக்க ஆரம்பிக்கணும். முழங்கையை எப்ப அசைக்கலாம்ங்கிறது எந்த முறைன்னு பாத்து மாறும், இருந்த இடத்துலயே விடுவிச்சிருந்தா சில நாள்லயே மெதுவா நீட்டி மடக்கச் சொல்வாங்க. 10ல இருந்து 14 நாள்ல தையல் பிரிப்பாங்க. தழும்பைச் சுத்தி கொஞ்சம் இடம் மரத்து இருக்கும், அதைப் பாத்து பயந்துடாதீங்க, பெரும்பாலும் குறைஞ்சுட்டே வரும். காய்ச்சல், சீழ், வலி குறையாம கூடிட்டே போறதுன்னா ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காம அன்னைக்கே போங்க.

ராத்திரி எந்திரிச்சு உதறுறது சிலருக்கு முதல் வாரத்துலயே நின்னுடும். உணர்ச்சி மெதுவாத்தான் வரும், பலம் கடைசியில. நரம்பு உள்ள அறுந்திருந்தா ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குலதான் வளரும், முழங்கைல இருந்து உள்ளங்கை தசை வரைக்கும் 25, 30 சென்டிமீட்டர் இருக்கு, கணக்குப் போட்டா எட்டுல இருந்து பத்து மாசம். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் வரைக்கும் முன்னேற்றம் வந்துட்டே இருக்கும். மூணாவது மாசத்துல "ஒண்ணும் வேலைக்கு ஆகல"ன்னு நொந்துக்காதீங்க, மாசம் ஒரு தடவை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கிற அந்த சதையை ஒரே வெளிச்சத்துல போட்டோ எடுத்து வைங்க, மனசுக்குத் தெரியாதது போட்டோல தெரியும்.

டேபிள் வேலைக்கு ஒண்ணு ரெண்டு வாரத்துல போகலாம், வெயிட் தூக்குற வேலைன்னா ஆறு வாரத்துல இருந்து மூணு மாசம். டூவீலர் விஷயத்துல ஆபரேஷன் ஆனது இடது கைன்னா கிளட்ச், வலது கைன்னா பிரேக், ரெண்டையுமே முழுசா அழுத்திப் பிடிக்க முடிஞ்சாதான் எடுக்கணும், நிறுத்தி வெச்ச வண்டியில அம்பது தடவை பிடிச்சுப் பாத்துட்டு, டாக்டர்கிட்டயும் கேட்டுட்டு எடுங்க. வேலையில சேரும்போது ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேப்பாங்க, அதுல "ஆறு வாரம் கனமான பொருள் தூக்கக் கூடாது"ன்னு எழுதச் சொல்லுங்க, எழுதலைன்னா முதல் நாளே பண்டல் தூக்கச் சொல்வாங்க.

கடைசியா பிசியோ ரசீது. டிஸ்சார்ஜுக்கு அப்புறம் ஆகிற செலவையும் 60 நாளோ 90 நாளோ வரைக்கும் நிறைய பாலிசி குடுக்கும், ஆனா டிஸ்சார்ஜ் சம்மரியில பிசியோன்னு டாக்டர் எழுதியிருக்கணும், ரசீதுல தேதியும் சீலும் இருக்கணும். வெள்ளைத் தாள்ல மொத்தமா எழுதிக் குடுக்கிற ரசீதை வாங்காதீங்க, ஒவ்வொரு தடவைக்கும் தனி ரசீது கேட்டு வாங்கி அதே ஃபைல்ல போட்டுடுங்க, கிளெய்ம் போட கடைசி நாளுக்கு எத்தனை நாள் இருக்குன்னு பாலிசியைப் பாத்து போன்ல ஒரு அலாரமும் வெச்சுடுங்க.